வேதபாடத்தில் முதல் மார்க்

எழுபத்து நாலாம் வருஷமோ ஐந்தோ, போடியிலிருந்து தேனிக்குப் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். நெற்றி நிறையக் குங்குமம் வைத்திருந்தவர் ஏலக்காய்க் கடைக்காரர் மனைவி. மற்றவர் போதகரின் மனைவி. இருவர் மகள்களும் மிஷன் பள்ளியில் ஏழாம் வகுப்பு. இதெல்லாம் பேச்சிலிருந்து தெரிந்ததுதான். நான் தூங்குவதுபோல் கண்ணை மூடியிருந்தேன்.

"வேதபாடத்துல எம் மகதாங்க்கா முதல் மார்க்கு. அவுக அப்பா ரெண்டு நாளாச் சரியாச் சாப்பிடல" என்றார் கடைக்காரர் மனைவி.

"ஒங்க பிள்ளைகளுக்குத்தான் நன்னெறி வகுப்பு தனியா இருக்கே?"

"அதுல கதையே இல்லையாம். திருடாத, பொய் சொல்லாதன்னு மட்டும்தான் இருக்காம்."

"வேதத்துலயும் அதுதான இருக்கு?"

"இருக்காம். ஆனா அங்கன, திருடுனவன் பெறகு என்ன ஆனான்னும் சொல்லுறாகளாம்."

போதகரின் மனைவி அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார்.

"எம் மக இருபத்திரெண்டு மார்க்கு, பெயிலு. சபையில எப்படித் தலை காட்டுறது? ஒம் மகளச் சாயங்காலம் எங்க வீட்டுக்கு அனுப்பு தாயி. கொஞ்சம் சொல்லிக்குடுக்கட்டும்."

"போதகர் ஐயாவுக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவாகளேக்கா?"

"அவுகதான் கேக்கச் சொன்னாக."

கண்டக்டர் வந்தார். கடைக்காரர் மனைவி இரண்டு டிக்கெட்டாக வாங்கினார்.

"அனுப்புறேங்க்கா. வெள்ளிக்கிழமை மட்டும் வரமாட்டா. அன்னைக்கு மாரியம்மன் கோயில்ல விளக்குப் பூசை. நூத்தியெட்டுப் போற்றியும் அவதான் வாசிக்கிறா."