சாட்சி வைக்காத கிணறு

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் ஜமாத் பெரியவர் நூர் பாஷா அவர்களே! மேடையில் அமர்ந்திருக்கும் ரைஸ்மில் உரிமையாளரும், எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்குச் சொந்தக்காரருமான அண்ணன் நஞ்சப்பன் அவர்களே! தர்மபுரி குடியிருப்போர் சங்கத்தின் உறுப்பினர்களே! பாலக்கோட்டிலிருந்தும் கம்பைநல்லூரிலிருந்தும் அன்றாடப் பிழைப்பை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்திருக்கும் பெரியோர்களே! பந்தலுக்கு வெளியே நின்றபடி கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

வணக்கம் சொல்லிவிட்டேன். ஆனால் முதலில் பேசுவது என் முறை இல்லை. எட்டு வருடங்களாக இந்தச் சங்கத்தின் எந்தக் கூட்டமானாலும் இந்த மைக்கின் முன்னால் முதலில் நின்றவர் செயலாளர் அப்துல் ஷுக்கூர் அவர்கள். அடுத்து நிற்பவன் துணைத்தலைவனான இந்தப் பிலவேந்திரன். இன்று அவருக்கு முன்னால் நான் நிற்கிறேன். அவர் மாலை போட்ட படமாக என் முதுகுக்குப் பின்னால் இருக்கிறார். இது என்ன நியாயம்?

நான் பஸ் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவன். ஓடுகிற பஸ்ஸில் டிக்கெட் கேட்டுக் கேட்டு, சத்தம் போட்டே பழகிப்போனவன். மேடையில் நான் கத்தும்போதெல்லாம் ஷுக்கூர் பாய் பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுப்பார். "மெதுவாப் பேசுங்க பிலவேந்திரன், மைக்கு எதுக்கு இருக்குது?" என்பார். இன்று சட்டையை இழுக்க ஆள் இல்லை. அதனால் கொஞ்சம் சத்தமாகத்தான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யார் இந்த ஷுக்கூர் பாய்? வக்கீலா? இல்லை. கவுன்சிலரா? இல்லை. கடைத்தெருவில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர். பஞ்சர் ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டே ஊர் வழக்கைக் கேட்பார். சொந்தமாக ஒரு சாண் சுவர் இல்லாத மனிதர், வாடகை வீட்டில் இருப்பவர்களின் சுவருக்காகவும் கூரைக்காகவும் எட்டு வருடம் அலைந்தாரே, ஏன் அலைந்தார்?

அதற்குக் காரணமானவர் இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். கம்பைநல்லூர் ராயம்மாள். அழாதீங்க அம்மா, உங்களைப் பற்றித்தான் சொல்கிறேன். அறுபத்தாறாம் வருடம் இவர் ஒரு வாடகை வீட்டில் இட்லிக் கடை வைத்திருந்தார். ஒழுகுகிற கூரையைப் பிரித்துவிட்டுத் தன் செலவில் தகரம் போட்டார். வாசலுக்குப் புதுக் கதவு வைத்தார். சொந்தக்காரர் காலி செய்யச் சொன்னார். இந்த அம்மாள் என்ன செய்தார் தெரியுமா? நம் ஊரில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தார். வீட்டைக் கூட்டிப் பெருக்கி, வாசலில் தண்ணீர் தெளித்து, சாவியை முதலில் கொண்டுபோய்ச் சொந்தக்காரர் கையில் கொடுத்தார். அதுதானே நம்முடைய மரியாதை? சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சாமான் ஏற்றுவது நன்றாக இருக்காது என்று நினைக்கிற ஜனம் நாம். மறுநாள் தகரத்தையும் கதவையும் கழற்றிக்கொள்ள மாட்டு வண்டியோடு போனார். "சாவி குடுத்துட்டியேம்மா, இனி வூட்டுல இருக்கறதெல்லாம் வூட்டோடது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வெறும் வண்டி திரும்பி வந்தது.

அதைக் கேட்டுவிட்டுப் பாய் ஒரு வக்கீலிடம் போனார். வக்கீல் விளக்கினார். வாடகைக்கு இருப்பவன் தான் பொருத்தியதைக் கழற்றிக்கொள்ளலாம், வீட்டை முன்பிருந்தபடி விட்டுவிட்டுப் போகவேண்டும். ஆனால் அது அவன் குடியிருக்கும் வரைதான். காலி செய்து கொடுத்தபிறகு கேட்டால் நடக்காது. பாய் வந்து எங்களிடம் அதைச் சொன்ன விதமே வேறு. "நாம இருக்கற வரைக்கும் நம்ம ஆணி, நம்ம தகரம். சாவி குடுத்த நிமிசம் ஆணியும் அவுங்களது, தகரமும் அவுங்களது. மரியாதைய அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல வண்டிய ஏத்துங்க!" இந்த ஒரு வார்த்தையால் எத்தனை குடும்பங்களின் கதவும் ஜன்னலும் மிஞ்சின! கை தூக்கச் சொன்னால் இந்தப் பந்தலில் பாதிக் கை மேலே போகும்.

சரி, தகரத்தைக் கழற்றலாம், கதவைக் கழற்றலாம். கட்டிய சுவரை என்ன செய்வது? போட்ட தரையை எப்படிச் சுருட்டுவது? வீட்டுக்காரர் சம்மதத்தோடு கட்டியதென்றால் காலி செய்யும்போது அதற்கு ஈட்டுத்தொகை கேட்கலாம், ஆனால் அவர் சம்மதித்ததை எதை வைத்துக் காட்டுவது? அதற்குத்தான் பாய் அந்த வெற்றிலைத் தட்டைக் கண்டுபிடித்தார்! சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். அவருக்கும் பிடிக்கும்.

அரூரில் கருப்பண்ணன் என்கிற தையல்காரர் வாடகை வீட்டின் பின்பக்கம் ஓர் அறை கட்ட வேண்டும் என்றார். பாய் அவரிடம் சொன்னது இதுதான்: "நீ கல்லு வெக்காத. வூட்டுக்காரரக் கூப்புடு. தட்டுல வெத்தலை பாக்கு வெய்யி, மாலை வாங்கு, தெருவுல நாலு பெரிய மனுசங்கள நிக்க வெய்யி. மொதல் கல்ல அவரு கையால வெக்கச் சொல்லு." சொந்தக்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வந்து, மஞ்சள் குங்குமம் வைத்த கல்லை எடுத்து வைத்தார். இரண்டு வருடம் கழித்து அதே மனிதர் காலி செய்யச் சொல்லி மனுக் கொடுத்தார். விசாரணையில், "எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம கட்டிப்புட்டானுங்க, நான் எதுக்கு ஈடு குடுக்கணும்?" என்றார்.

சாட்சியாகப் போயிருந்த பாய் எழுந்தார். "அப்படீங்களா? மாலையெல்லாம் போட்டுக்கிட்டு மொதல் கல்லு எடுத்து வெச்சீங்களே, அது எந்தக் கட்டடத்துக்குங்க?"

"அது... கூப்புட்டாங்க. மரியாதைக்குப் போனேன்."

"அந்த மரியாதைதானுங்க இப்ப சொவரா நிக்குது."

விசாரித்த அதிகாரியே சிரித்துவிட்டார். அறைக்கு உரிய ஈட்டைக் கொடுத்த பிறகுதான் கருப்பண்ணன் சாவியைக் கொடுத்தார். அதன் பிறகு இந்த ஜில்லாவில் எங்கள் சங்கத்து உறுப்பினர் யாரும் சொந்தக்காரர் கையால் முதல் கல் வைக்காமல் ஒரு செங்கல்லைத் தொட்டதில்லை. "ஷுக்கூர் பாய் தட்டோட வர்றாரு, கதவச் சாத்து" என்று வீட்டுக்காரர்கள் கேலி பேசும் அளவுக்கு ஆனது.

யாரும் தொட்டதில்லை என்றேன். தவறு. ஒருவர் தொட்டார்.

அன்பர்களே! இப்போது நான் சொல்லப்போவது அழைப்பிதழில் இல்லாதது. பாய் குடியிருந்த வீடு அண்ணன் நஞ்சப்பன் அவர்களுடையது. இருவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். நோன்புக் கஞ்சி முதல் தூக்கு அண்ணன் வீட்டுக்குப் போகும். பொங்கல் கரும்பு முதல் கட்டு பாய் வீட்டுக்கு வரும். அறுபத்தெட்டில் மழை பொய்த்தது. தெருக்குழாயில் காற்றுதான் வந்தது. பாய் தன் வீட்டுக் கொல்லையில் கிணறு வெட்ட ஆரம்பித்தார். கீழே பாறை. வெடிமருந்து வைத்து உடைத்தார்கள். மனைவி ஹமீதுன்னிசாவின் நகை அந்தப் பாறைக்குள் போனது. கூடவே ஒரு சமையலறையும் கட்டினார்.

நான் அன்றைக்கே கேட்டேன். "பாய், ஊருக்கெல்லாம் தட்டு எடுத்துக் குடுக்கறீங்க. உங்க கெணத்துக்கு அண்ணனக் கூப்புட்டு மொதல் கடப்பாறை போடச் சொல்ல வேண்டாமுங்களா?" அவருக்குக் கோபம் வந்தது. அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். "சிநேகிதன்கிட்டப் போயி சாட்சி வெக்கறதாங்க? அசிங்கம்!" என்றார். அதோடு பேச்சை முடித்துவிட்டார்.

இந்த வருடத் தொடக்கத்தில் அண்ணன் வீட்டிலிருந்து ஆள் வந்து சொன்னது என்ன? வீட்டில் கிணறு இருக்கிறது, தனியாகச் சமையலறை இருக்கிறது, அதற்குத் தகுந்த வாடகை கொடுக்கட்டும், முடியாவிட்டால் காலி செய்யட்டும் என்று! ஐயா, அவர் வெட்டிய கிணற்றுக்கு அவரே வாடகை கொடுக்க வேண்டுமா? அவர் மனைவி கழுத்திலிருந்து கழற்றியதற்கு அவரே வாடகை கொடுக்க வேண்டுமா? எட்டு வருடம் ஊராருக்கு மனு எழுத ஆள் தேடிக் கொடுத்த மனிதர், தன் பெயரில் ஒரு மனுப் போட மனசு வராமல் உள்ளுக்குள்ளேயே புழுங்கினார். சென்ற மாதம் அந்த நெஞ்சு நின்றுபோனது. நான் யார் மேலும் பழி போடவில்லை. அண்ணன் மனசாரக் கெட்டவரும் இல்லை. ஜனாசா எடுத்து அடக்கம் செய்ய முதலில் வந்தவர் அவர். தோள் கொடுத்தவர் அவர். கணவனை இழந்தவர் வெளியே வராமல் இருக்கிற இத்தா நாட்கள் முடிகிற வரை அந்த அம்மாள் வீட்டில் இருக்கட்டும், அப்புறம் காலி செய்தால் போதும் என்று சொன்னவரும் அவர்தான். புது வாடகைக்கு வேறு ஒரு குடும்பத்துக்கு வாக்குக் கொடுத்தவரும் அவரேதான்!

நேற்று நாங்கள் வக்கீலைப் பார்த்தோம். உதட்டைப் பிதுக்கினார். சம்மதம் கேட்டதற்குச் சாட்சி இல்லை, எழுத்து இல்லை, முதல் கல் இல்லை, வழக்கு நிற்காது என்றார். ஷுக்கூர் பாயின் வழக்கு நிற்காதாம்! அங்கிருந்து ஹமீதுன்னிசா அம்மாளிடம் போனோம். இத்தாவில் இருப்பவர், கதவுக்குப் பின்னாலிருந்து பேசினார். "வூட்ட வுடச் சொன்னா வுட்டுடறேனுங்ணா. அடுப்பத் தூக்கிக்கலாம், கதவக் கழட்டிக்கலாம். கெணத்த எப்படிங்ணா தூக்கிட்டுப் போறது?" அந்தக் கேள்வியைத்தான் உங்களிடம் கொண்டுவந்திருக்கிறேன். வழி தெரிந்தவர் யாராவது இருக்கிறீர்களா?

ஆனால் எனக்கு ஒன்று தெரியும். சொல்லலாமா கூடாதா என்று நேற்றிலிருந்து என்னோடு நானே மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் பாய் கிடந்தபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "பாய், கெணத்துல மொதல் தண்ணி ஊறின அன்னிக்கு உங்க வூட்டுல ஒருத்தரும் வாயில வெக்கல. செம்புல மொண்டு அண்ணன் வூட்டுக்கு எடுத்துட்டுப் போனீங்க. நானும் கூட வந்தேன். அண்ணன் வாசல்ல நின்னே குடிச்சுப்புட்டு, 'எளநியாட்டம் இருக்குதுடா ஷுக்கூரு, நல்ல காரியம் செஞ்சே' அப்படின்னாரு. இதவிட என்னங்க சம்மதம் வேணும்? நான் சாட்சி சொல்றேன்."

பாய் கூடாது என்று தலையை ஆட்டினார். மூச்சு வாங்கியது. "வேண்டாம் பிலவேந்திரன். அது சிநேகிதனுக்குக் குடுத்த தண்ணி. அதச் சாட்சியாக்காதீங்க. வெளிய சொல்லக்கூடாது" என்றார். சரி என்று சொன்னேன்.

அந்த வார்த்தையை இதோ இந்த மேடையில் மீறிவிட்டேன். செயலாளர் அவர்களே! முப்பது நாள் கூட உங்கள் சொல்லைக் காப்பாற்ற முடியவில்லை என்னால். நீங்கள் இருந்திருந்தால் இந்நேரம் சட்டையை இழுத்துக் கிழித்திருப்பீர்கள். நான் செய்தது சரியா? தெரியவில்லை. இன்று ராத்திரி தூக்கம் வருமா என்றும் தெரியவில்லை. ஆனால் உங்கள் மானத்தைக் காப்பாற்ற உங்கள் மனைவியைத் தெருவில் நிறுத்த என்னால் ஆகாது.

தோழர்களே, சங்கம் தொடரும். தட்டு எடுத்துக்கொண்டு இனியும் வருவோம். பகையாளியிடமும் வருவோம், சிநேகிதனிடமும் வருவோம், கூடப் பிறந்தவனிடமும் வருவோம். சாட்சி வைப்பது அசிங்கம் இல்லை. அது சிநேகிதத்தைக் காப்பாற்றுகிற வழி என்று ஷுக்கூர் பாயின் படத்தைப் பார்த்தே சொல்கிறேன். இந்த ஒன்றில் மட்டும் நீங்கள் தப்புக் கணக்குப் போட்டுவிட்டீர்கள் பாய்.

கூட்ட முடிவில் ஒரு நிமிடம் மௌனம் என்று நோட்டீஸில் அச்சடித்திருக்கிறது. தலைவர் அவர்கள் மன்னிக்க வேண்டும். மௌனம் வேண்டாம். அவர் இருந்த மௌனம் போதும்.

அண்ணே, நஞ்சப்பண்ணே. உங்கள் முன்னால் மேஜையில் ஒரு செம்பு இருக்கிறது. நான் பேச ஆரம்பித்ததிலிருந்து இரண்டு தடவை எடுத்துக் குடித்தீர்கள். மேடைக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. தெருக்குழாய்த் தண்ணீர் இல்லை அண்ணே. கூட்டத்துக்கு வருகிறவர்களுக்குத் தாகம் எடுக்கும் என்று அந்த அம்மாள் காலையிலேயே இறைத்து வைத்துக் கொடுத்து அனுப்பினார். செம்பைப் பாருங்கள், அன்றைக்கு உங்கள் வாசலுக்கு வந்த அதே செம்புதான்.

எங்களிடம் முதல் கல் இல்லை, எழுத்து இல்லை. உங்கள் வாய் ஒன்றுதான் இருக்கிறது. அந்தத் தண்ணீர் யாருடைய கிணற்றுத் தண்ணீர் என்று இந்தச் சபையில் நீங்கள் சொல்லுங்கள். நாங்கள் யாரும் எழுந்திருக்கப் போவதில்லை, உட்கார்ந்திருக்கிறோம்.

சத்தமாகச் சொல்ல வேண்டாம் அண்ணே. உங்கள் பக்கம் திருப்பி வைக்கிறேன். மெதுவாகச் சொன்னால் போதும், மைக் இருக்கிறது.