சாப்பாட்டுக்குப் பின் ஒரு மூடி

அரிஷ்டத்தைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கொடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் இறங்கினால் எரியும். என் வீட்டுக்காரர் தேவானந்தத்துக்கு ஒருநாளும் நான் வெறும் வயிற்றில் கொடுத்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், மேடம்.

அவர் பீளமேட்டில் ஒரு கல்லூரிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தார். பேருந்தில் ஏறும் முன் குடித்ததில்லை. இறங்கியபின் குடிக்காமல் இருந்ததும் இல்லை. போன வருடம் துடியலூரில் ஒரு கல்யாண வரவேற்பு. திரும்பும்போது என்னைப் பின்னால் உட்காரவைத்து ஸ்கூட்டரை ஓட்டி வந்தார். போலீஸ்காரர் மறித்து ஊதச் சொன்னார். லைசென்ஸை முடக்கினார்கள். திரும்ப வேண்டுமானால், குடியை விட்டுவிட்டார் என்று டாக்டர் பரிசோதித்துச் சான்று தர வேண்டும். அதைக் கொண்டுவந்தால் வேலை உண்டு என்று கல்லூரியிலும் சொன்னார்கள்.

அவர் குடியை விட்டார். மாதா சுரூபத்தின் முன்னால் முழங்காலில் நின்று சத்தியம் செய்தார். அதன்பின் தெரிந்து ஒரு சொட்டும் தொடவில்லை. அதற்கு நானே சாட்சி.

அந்த மாதங்களில்தான் நான் ஸ்கூட்டர் பழகி லைசென்ஸ் எடுத்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் முதுகைப் பார்த்தே போனவள் நான். இப்போது பூசைக்கும் சந்தைக்கும் டாக்டரிடமும் அவர் என் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

“எருமை ஏரோப்ளேன் ஓட்டற மாதிரி ஓட்டறா, பாருங்க” என்று சிக்னலில் நிற்கிறவர்களிடம் சொல்வார்.

“பேசாம உக்காருங்க. இல்லீன்னா எறங்கி நடந்து வாங்க” என்பேன்.

இறங்கமாட்டார். வாயை மூடிக்கொள்வார். என் வீட்டில் அப்படியொரு அமைதியை நான் அதுவரை கண்டதில்லை.

முதல் பரிசோதனைகள் சுத்தமாக வந்தன. “இன்னொண்ணு இதே மாதிரி வந்தாப் போதுமுங்க, கையெழுத்துப் போட்டுத் தாரேன்” என்றார் டாக்டர் பாலகோபால். வெளியே வந்ததும் இவர் என் கையிலிருந்த சாவியைப் பிடுங்கினார்.

“அடுத்த மாசம் லைசென்ஸ் வந்துரும். உன்ற சர்க்கஸெல்லாம் முடிஞ்சுது, அடுப்படிக்குப் போயிரு.”

லைசென்ஸ் இல்லாமல் அன்றைக்கு ஓட்ட முடியாது என்பது பிறகுதான் அவருக்கு நினைவுக்கு வந்தது. சாவியைத் தரையில் போட்டார். அங்கே காத்திருந்தவர்கள் பார்க்க, நான் குனிந்து எடுத்தேன். கோபப்படவில்லை. கோபம் பாவம்.

வீட்டுக்கு வந்து செபமாலை சொல்லும்போது அந்தப் பேருந்துப் பிள்ளைகளின் முகம்தான் கண்முன் வந்தது. ஒரு குடிகாரரின் சத்தியத்தை நம்பி அத்தனை பிள்ளைகளை எப்படி ஏற்றிவிடுவது? யாராவது ஒருவர் பொறுப்பாக யோசிக்க வேண்டாமா?

அவருக்குச் செரிமானம் சரியில்லை என்று அரிஷ்டம் வாங்கிவந்தேன். என் தம்பி மெர்வினிடம் பிராந்தி வாங்கித் தரச் சொன்னேன். கிறிஸ்துமஸ் கேக்குக்குப் பழம் ஊறவைக்க என்றால் எங்கள் வீடுகளில் யாரும் கேள்வி கேட்பதில்லை. கேக் ஏன் வரவில்லை என்று அவன் யோசித்து ஸ்டேஷனில் சொன்னதால்தானே நீங்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். பழம் எதுவும் ஊறவில்லை. பிராந்தி அரிஷ்டப் புட்டிக்குள் போனது. அரிஷ்டமே கொஞ்சம் சுருக்கென்று இருக்கும். அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அடுத்த பரிசோதனையில் தெரிந்துவிட்டது.

“வேற மருந்து எதாச்சும் சாப்பிடறீங்களா?” என்று டாக்டர் கேட்டார்.

“ஒண்ணுமில்லீங்க” என்றார் இவர். அரிஷ்டத்தை எங்கள் பக்கம் யாரும் இங்கிலீஷ் டாக்டரிடம் சொல்வதில்லை. அதை மருந்து என்றே நினைப்பதில்லை. நானும் பக்கத்தில்தான் இருந்தேன். என்னை அவர் கேட்கவில்லை.

“அப்பக் குடிச்சிருக்கீங்க.”

“மாதா மேல ஆணையா ஒரு சொட்டுத் தொடலீங்க!”

“எல்லாரும் ஒரு சாமிய இழுத்துட்டுத்தானுங்க வாராங்க. உங்க மாதா வந்து ரிப்போர்ட்ட மாத்துவாங்களா?”

அடுத்த மாதமும் அப்படியே. கல்லூரியில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். பங்குக் கோயிலில் எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. ஒருநாள் மெதுவாகக் கேட்டார்: “விமலா, நான் தூக்கத்துல எந்திரிச்சுப் போயிக் குடிச்சுப்போடறனா?”

“உட்டுத் தள்ளுங்க. நான் ஆருகிட்டயும் சொல்லமாட்டேன்” என்றேன்.

அதன்பின் என்னைக் கிண்டல் செய்ததே இல்லை. படுக்கும்போது அறையை வெளியே பூட்டச் சொன்னார். பூட்டினேன். செய்யாத பாவத்தைச் சாமியாரிடம் அறிக்கையிட்டுவிட்டும் வந்தார். அழுது முகம் வீங்கியிருந்தது. சூடாகச் சாப்பாடு போட்டேன். சாப்பாட்டுக்குப் பின் ஒரு மூடி.

கண் மஞ்சளானது, வயிறு வீங்கியது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “ஈரல் முன்னமே கெட்டிருக்குதுங்க. இனி ஒரு சொட்டு உள்ள போனாலும் உசுருக்கு ஆபத்து. நீங்கதான் பாத்துக்கோணும்.”

“சரிங்க” என்றேன். அன்று முதல் பாதி மூடிதான் ஊற்றினேன்.

கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டார். “என்னால உனக்கு எத்தன அவமானம். மன்னிச்சுரு அம்மணி” என்றார்.

உடனே மன்னித்துவிட்டேன், மேடம். எதையும் மனதில் வைத்துக்கொள்வது என் வழக்கமில்லை.