தர்மனுக்கு விட்ட இடம்

மாலை ஏழரை மணி. மஃரிப் தொழுகைப் பாங்கு ஓய்ந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. சிம்பாங் அம்பாட் தாண்டி, செம்பனைத் தோட்டத்துக்குள் புகுந்து போகும் ஒற்றைச் சாலை… ஒரு விளக்குக் கம்பம் கிடையாது. டிசம்பர் மழை.

நம் ஜோனிட்டாவைத் தெரியும்தானே? அவளுடைய அண்ணன் டெரன்ஸுக்கு நடந்தது இது. சுங்கை ஊடாங்கில் வேலை. பேய் என்றால் வாய்விட்டுச் சிரிக்கிற ஆள். அப்படிப்பட்டவர்கள் இங்கேயும் இருக்கிறீர்கள். சிரிப்பதை இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். அந்தக் கதவை மட்டும் யாராவது சாத்துங்கள்.

கிறிஸ்துமஸை ஒட்டி நீண்ட விடுமுறை. மூன்று மோட்டார் சைக்கிள்கள் கேமரன் மலைக்குப் போய், குளிரில் பல் கிட்டிக்கத் திரும்பிக்கொண்டிருந்தன. முன்னால் டெரன்ஸ். கடைசியில் அவனுடைய நெடுநாள் கூட்டாளி நிவேந்திரன். நடுவில் காந்தன். கல்யாணமாகி நான்கு மாதம்கூட ஆகாத புது மாப்பிள்ளை. இதுதான் அவனுக்கு முதல் தூரப் பயணம். அவன் மனைவி திலகா கேட்டைப் பிடித்துக்கொண்டு டெரன்ஸிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தாள்.

"அண்ணே, உங்கள நம்பித்தான் அனுப்புறேன். இவர பத்திரமா கொண்டாந்து விட்டுருங்க."

அதனால் வழி முழுக்க டெரன்ஸின் ஒரு கண் பக்கவாட்டுக் கண்ணாடியிலேயே இருந்தது. பின்னால் இரண்டு விளக்கு தெரிகிறதா? தெரிகிறது. சரி.

டெரன்ஸுக்கும் காந்தனுக்கும் நடுவே ஒரு மோட்டார் போகும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். அது அவர்களோடு ஓட்டிய தர்மேந்திரனின் இடம். தர்மன் என்றுதான் கூப்பிடுவார்கள். அக்டோபரில் ஒருநாள் தூங்கப் போனவன் எழுந்திருக்கவே இல்லை. கூட்டத்தில் ஒருவன் இறந்துவிட்டால், அடுத்த பயணத்தில் அவன் இடத்தைக் காலியாக விட்டே ஓட்டுவது அவர்கள் வழக்கம். நல்ல வழக்கம்தான். யாரும் குறை சொல்ல முடியாது.

நெடுஞ்சாலையில் வண்டிகள் நகரவில்லை என்றுதான் அந்தக் குறுக்குப் பாதையைப் பிடித்தார்கள். பாதி வழியில் மழை வலுத்தது. மழைக்கோட்டு போட ஓரிடத்தில் நிறுத்தினார்கள். பாழடைந்த பழைய ரப்பர் ஆலை. கூரை இல்லை, சுவர் மட்டும். தவளைச் சத்தம் காதைக் கிழித்தது.

கிளம்பும்போது டெரன்ஸ் அந்தக் காலி இடத்தைப் பார்த்தான். தர்மன் இருந்திருந்தால் இந்த மழைக்கு எப்படித் திட்டியிருப்பான் என்று நினைத்துக்கொண்டான். சத்தமாகவே கூப்பிட்டான்.

"வாடா. எடம் விட்டிருக்கோம். வீடு வரைக்கும் கூடவே வா."

நிவேந்திரனுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. "பேரச் சொல்லிக் கூப்புடுண்ணே. இந்த நேரத்துல, இந்த மாதிரி எடத்துல…"

"அவனுக்குத் தெரியாதா லா, யாரக் கூப்புடுறேன்னு?" டெரன்ஸ் சிரித்துக்கொண்டே கிளப்பினான்.

தவளைச் சத்தம் சட்டென்று நின்றது… மொத்தமாக.

கொஞ்ச தூரம் போனதும் ஒரு நாற்றம். தலைக்கவசத்துக்குள்ளேயே வந்தது. புளித்து, அழுகி… உறைந்த ரப்பர் பாலின், ஒட்டுப்பாலின் நாற்றம். தோட்டத்தில் பிறந்தவனுக்கு அது மறக்காது. ஆனால் அந்தப் பக்கம் ரப்பர் மரங்களை வெட்டி, செம்பனை போட்டு எத்தனையோ வருடம் ஆகிவிட்டது.

சாலை பிரியும் இடம் வந்தது. டெரன்ஸ் இடப்பக்கம் திரும்பினான். கண்ணாடியைப் பார்த்தான்.

இருட்டு. ஒரு விளக்குகூட இல்லை.

திருப்பி விரட்டிக்கொண்டு வந்தான். பிரிவில் நிவேந்திரன் மட்டும் வண்டியை நிறுத்திவிட்டு நின்றான்.

"காந்தன் எங்கடா?"

"நேரா மண்ரோட்டுல போயிட்டான்… முன்னால போன மோட்டர் பின்னாலயே."

"முன்னால நான்தானேடா இருந்தேன்?"

"நானும் அப்படித்தாண்ணே நெனச்சேன். அப்புறம் பாத்தா, உன் செவப்பு லைட்டு எடப்பக்கம் போவுது. நேரா இன்னொண்ணு போவுது. நடுவுல… தர்மன் எடத்துல."

டெரன்ஸ் மண்சாலையில் இறங்கினான். தனியாக நிற்கப் பயந்து நிவேந்திரனும் பின்தொடர்ந்தான். சக்கரம் சேற்றில் வழுக்கியது. மாதா ஜெபம் சொல்லத் தொடங்கினான் டெரன்ஸ், பாதியில் மறந்துபோனது. திலகாவின் முகம்தான் கண்முன் நின்றது.

தூரத்தில் காந்தனின் பின்விளக்கு. மெதுவாக, நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் சாலை இல்லை. மழைத்துளி விழுந்து தெறிக்கும் கறுப்புத் தண்ணீர்… ஆலையின் பழைய குளம்.

மூன்று முறை ஹார்ன் அடித்தால் நில் என்று அர்த்தம். டெரன்ஸ் அடித்தான். போய்க்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தான். பிரேக் விளக்கு எரிந்தது.

முன்சக்கரம் தண்ணீருக்குள் இருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. காந்தன் திரும்பி டெரன்ஸைப் பார்த்தான். பிறகு குளத்தைப் பார்த்தான்.

"நீங்க முன்னாலதானே போனீங்க? கைய காட்டிக் கூப்டுக்கிட்டே போனீங்களே…" பல் அடித்துக்கொண்டது. "ஏண்ணே ஹெல்மட்ட கழட்டுனீங்க? இந்த மழையில… உங்க தல நனையவே இல்ல."

டெரன்ஸும் நிவேந்திரனுமாக வண்டியைப் பின்னால் இழுத்தார்கள்.

"இனிமே எடம் கிடம் ஒண்ணும் வேணாம். ஒட்டியே வாங்க," என்றான் டெரன்ஸ். காந்தன் வீடு இருக்கும் தஞ்சோங் கிளிங் வரும்வரை முன்சக்கரம் பின்சக்கரத்தை உரசும்படி ஓட்டினார்கள். கண்ணாடியில் இரண்டு விளக்கு. இரண்டே இரண்டு. தர்மனின் இடம் அடைபட்டுவிட்டது.

திலகா கேட்டருகே குடையோடு நின்றாள். காந்தனைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்ததே, அதைப் பார்த்த பிறகுதான் டெரன்ஸுக்கு மூச்சு வந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான். கண்கூடக் கலங்கியது.

"உள்ள வாங்கண்ணே, டீ ஆறிடும். நாலு பேருக்கும் ஊத்தி வெச்சிருக்கேன்."

"மூணு பேருதானேம்மா," என்றான் நிவேந்திரன்.

"உங்களுக்கெல்லாம் முன்னாடி ஒருத்தர் வந்தாரே? லைட்டு போடாம வந்து நின்னாரு. வீடு வரைக்கும் வரச் சொன்னாங்கன்னாரு. மழையாச்சேன்னு உள்ள உக்கார வெச்சேன்."

திறந்திருந்த கதவு வழியே ஒட்டுப்பால் நாற்றம் வந்தது.

டெரன்ஸ்தான் முதலில் உள்ளே போனான். கூடத்தில் யாரும் இல்லை. மேசையில் நான்கு கிளாஸ். மூன்றில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

நான்காவது காலி.