கண் மூடாத ஜெபம்

குமரியைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்ட ஊர்வலம் கடந்துபோவதற்காக அமரவிளையில் பேருந்து நின்றிருந்தது. முன் இருக்கையில் ஒரு முதிய நர்ஸ், பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார்:

“ஜெபத்துல நான் கண்ண மூடாததுனாலயாக்கும் நீ இண்ணும் இருக்க மக்கா.”

அவள் சிரித்தாள்.

“வாந்திபேதியில நீ கெடந்த. கணுக்கால் நரம்பக் கீறி, ரப்பர் குழாய் வச்சு உப்புத்தண்ணி ஏத்துனோம். எப்பவும் ஜெபிச்சிட்டுதான் வைத்தியம் தொடங்குவாரு டாக்டரய்யா; அண்ணைக்கு மறந்தது பெறவுதான் அவருக்கு ஓர்மை வந்துது. தொடங்குனாரு, முடிக்கல்ல. குப்பி காலி. காத்து குழாய்ல எறங்குது. நரம்புல ஏறுனா உசிரு போவும். ஆமென் வரைக்கும் குழாய நெரிச்சுப் பிடிச்சேன். ஒருத்தர்ட்டயும் சொல்லல்ல. அவரும் மரிச்சாச்சு. அவ்வளவு நீளமாட்டு ஜெபிக்க இப்ப ஆருண்டு?”

“எனக்குத் தெரியும் நர்சம்மா. நானும் கண்ண மூடல்ல. ஒங்க வெரலு குழாய நெரிச்சதக் கண்டேன்.”