மணி அடிக்குமுன் வாசல் தாண்டிய லூர்துமேரி அம்மையாருக்கு

கல்விப் பணியில் கனிந்தும், கயமை கண்டு கனன்றும், கரும்பலகை முன்னே நின்றே காலங்கழித்த எங்கள் மூத்த ஆசிரியை லூர்துமேரி அம்மையாரே, வணக்கம்.

பாராட்டு மடல் என்றால் ‘பொறுமைக் கடலே, சாந்த சொரூபியே’ என்று தொடங்க வேண்டுமாம். அச்சகத்தார் அந்தச் சொற்களைக் கோத்தே வைத்திருந்தார்கள். எடுத்துவிடச் சொன்னோம். தாங்கள் பொறுமைக் கடல் அல்லர். அதன் பொருட்டே தங்களைப் பாராட்ட எழுந்தோம். தங்கள் கதையைத் தங்களிடமே சொல்வது முறையாகாது. ஆகவே இனி அவையோரை நோக்கிச் சொல்கிறோம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் அம்மையார் விழுப்புரத்தில் நம் கலைவளர் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை. பள்ளிக்கு எதிர்வீடு எண்ணெய் ஆலை முதலாளியும் நம் இரு பள்ளிகளின் தாளாளருமான கிருஷ்ணசாமி அவர்களுடையது. அவரே இன்று இம்மேடையில் தலைமை வகிக்கிறார். அவர் இருக்கும்போதுதான் இதைப் படிக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

தாளாளர் தம் வீட்டுக்குச் சென்னையிலிருந்து ஓர் அலாரம் வாங்கி வந்து பூட்டியிருந்தார். வாசற்கதவைத் திறந்தவுடன் அது அடிக்காது. வீட்டுக்காரர் உள்ளே போய்க் கூடத்துச் சுவிட்சை அணைக்கச் சிறிது அவகாசம் தரும். அணைக்காவிட்டால் மாடியிலுள்ள மணி தெருவையே கூட்டிவிடும். தாளாளரோ நிதானமாக நடப்பவர். செருப்பைக் கழற்றி, தொட்டித் தண்ணீரில் கால் கழுவி, துடைத்துக்கொண்டு உள்ளே போவதற்குள் மணி அலறும். அக்கம்பக்கத்தார் ஓடி வருவார்கள். அவருக்குக் கூச்சமாகப் போகும். எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு அவகாசத்தைக் கூட்டினார். பிறகும் அடித்தது, பிறகும் கூட்டினார்.

“இப்ப பேஜாரே இல்ல டீச்சரம்மா. சாவகாசமா கால் கழுவிக்கினு போய் நிறுத்தறேன்” என்று ஒருநாள் பெருமையாகச் சொன்னார்.

“உங்களுக்குச் சாவகாசம்னா திருடனுக்கும் சாவகாசந்தானுங்களே” என்றார் அம்மையார்.

தாளாளர் சிரித்துவிட்டுப் போனார்.

அவர் குடும்பத்தோடு திருவாமாத்தூர்க் கோயிலுக்குப் போயிருந்த ஒரு பட்டப்பகலில் அந்த மணி அடித்தது. தெருவே திரண்டது. பூட்டு உடைந்து கிடந்தது. வாசலை ஒட்டிய பூசையறையில் இருந்த வெள்ளிக் குத்துவிளக்குகளும் தட்டுகளும் போயே போய்விட்டன. மணியை நிறுத்த யாருக்கும் தெரியவில்லை. பள்ளி ஆயா செண்பகம் காலையில் அந்த வீட்டைப் பெருக்கித் தருகிறவள். வகுப்பில் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, அவள்தான் ஓடிப்போய்ச் சுவிட்சை அணைத்தாள். அவள் செய்த குற்றம் அவ்வளவே.

திரும்பி வந்த தாளாளர் அவளை ஆலைக் கிடங்கில் அடைத்துவைத்தார். ஆலையாள் ஒருவன் அவளை அறைந்தான். சேதி கேட்ட அம்மையார் பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு எதிர்வீட்டுக்கு நடந்தார். எங்களுள் ஒருவரான ராஜாமணி ஆசிரியை அப்போது அங்கே பணியாற்றியவர். அவரும் பின்னாலேயே போனார்.

“அந்தப் பொண்ண வெளிய விடுங்க” என்றார் அம்மையார்.

“சுவிட்சு எங்க கீதுன்னு அவளுக்குத்தான் தெரியும். திருடனுக்குச் சொல்லிக் குடுத்துட்டா.”

“சொல்லிக் குடுத்திருந்தா அவன் நிறுத்தியிருப்பானே. மணி எதுக்கு அடிச்சிது?”

தாளாளர் பேச்சை வேறு பக்கம் திருப்பினார்: “உங்க சாதி ஜனம்னா உடனே பரிஞ்சுக்கினு வந்துடறீங்க.”

அம்மையாரின் முகம் சிவந்ததை ராஜாமணி பார்த்தார். ஆனால் குரல் உயரவில்லை. “அலாரத்தப் போட்டுட்டு எல்லாரும் வெளிய வாங்க” என்றார்.

கூட்டம் வாசலில் நின்றது. அம்மையார் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார். சுவிட்சுப் பக்கம் திரும்பவில்லை. பூசையறையில் திருடன் விட்டுப்போன பித்தளைக் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தார். அதே நடையில் வெளியே வந்து, தெருவைக் கடந்து, பள்ளி வாயிலில் குடத்தை இறக்கிவைத்தார். புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகே மணி அடித்தது.

யாரோ சிரித்தார்கள். அம்மையார் சிரிக்கவில்லை.

“நான் ஓடலீங்க, நடந்துதான் வந்தேன். இந்த நேரத்த திருடனுக்கு யாரு குடுத்தது? செண்பகமா?”

கிடங்கு திறந்தது. கன்னம் வீங்கி வெளியே வந்த செண்பகத்தைத் தம் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, “இவகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க” என்றார் அம்மையார். தாளாளர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சில நாளில் கண்டாச்சிபுரம் சந்தையில் அந்த விளக்குகளோடு ஒருவன் பிடிபட்டான். செண்பகத்தை அவன் கண்ணாலும் கண்டதில்லை. கதவு திறந்த பிறகு உள்ளே நின்று எடுக்க நேரம் இருந்தது என்றுதான் அவனும் சொன்னான். வெள்ளி வீடு திரும்பியது. அலாரத்தின் அவகாசமும் குறைந்தது. செண்பகத்துக்கு வேலை போயிற்று. கோலியனூரில் கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கக் கூலிக்குப் போனாள். அம்மையாரின் தலைமையாசிரியைப் பதவி பறிபோயிற்று. திண்டிவனத்தில் உள்ள இந்தப் பள்ளிக்கு மூன்றாம் வகுப்பு ஆசிரியையாக அனுப்பப்பட்டார். ‘நிர்வாகக் காரணம்’ என்றார்கள். எந்தக் காரணம் என்று இந்த மண்டபத்தில் உள்ள எல்லோருக்கும் தெரியும்.

பேருந்து ஏற்றிவிட வந்த ராஜாமணியிடம் அவர் சொன்னார்: “பதவி போனதுக்கு நான் அழல. அவள அறைஞ்ச கைய ஒண்ணும் பண்ண முடியலியேன்னுதான் வயிறு எரியுது.”

அந்த எரிச்சலை அவர் ஆறவிடவில்லை. ஒவ்வோர் ஆண்டு விழாவிலும் தாளாளர் முன் எழுந்து நின்று, “செண்பகத்துக்கு எப்ப வேல குடுப்பீங்க?” என்று கேட்டார். ஒவ்வோர் ஆண்டும் தாளாளர் கடிகாரத்தைப் பார்த்தார். சம்பள உயர்வு நின்றது. வகுப்பறை ஓட்டைக் கூரைக்கு மாறியது. கேள்வி மட்டும் மாறவில்லை. மழை ஒழுகிய அந்த வகுப்பில் படித்த பிள்ளைகள் இன்று வாசல்வரை நிற்கிறார்கள்.

அம்மையாரே, இனித் தங்களிடமே பேசுகிறோம். இந்த மடலை முன்கூட்டித் தாளாளரிடம் காட்டும்படி சொன்னார்கள். காட்டவில்லை. தாங்கள் ஓய்வு பெறுவதால் அந்தக் கேள்வியும் ஓய்ந்துவிடும் என்று யாரும் நிம்மதி கொள்ள வேண்டாம். முன்வரிசையில் செண்பகம் உட்கார்ந்திருக்கிறார். மடல் முடிந்ததும் ஒலிபெருக்கி தாளாளர் கைக்குப் போகும். அவர் பதில் சொல்லும்வரை நாங்கள் ஒருவரும் உட்காரப் போவதில்லை.

நோயற்று, நெடுநாள், நிமிர்ந்த தலையோடு தாங்கள் வாழ்க. ஓய்வு தங்களுக்கு உண்டு. தங்கள் கோபத்துக்கு வேண்டாம்.

இங்ஙனம்,
நின்றபடியே கையொப்பமிட்ட
ஆசிரியர்கள், பணியாளர்கள்,
கலைவளர் நடுநிலைப் பள்ளி,
திண்டிவனம், 1966.