கல் இல்லாத இடம்

திண்டுக்கல் மார்க்கெட்டில் பூவைப் போட்டுவிட்டு வெறுங்கூடைகளோடு வந்த இரண்டு பெண்கள், சாணார்பட்டி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். மூத்தவர் போனை நீட்டினார்.

“எம் மக அனுப்பிருக்கா, பாரு.”

இளையவர் உற்றுப் பார்த்தார். “என்ன மதினி, வெறும் புல்லுக்காடா இருக்கு? டாக்டர் பட்டம் வாங்க ஆஸ்திரேலியா போனவ, புல்லையா படம் புடிக்கிறா?”

“அந்த மண்ணுல ஆதியில இருந்த சனங்களை, நிலத்தைப் புடிக்க வந்த வெள்ளைக்காரன் சுட்டுக் கொன்ன எடமாம். சுட்டவனுக்கு டவுனுக்குள்ள பேர் வெட்டிக் கல்லு நிக்குது. செத்தவுகளுக்கு ஒண்ணுமில்ல. அதைத்தான் எழுதுறா.”

“நம்ம பக்கம் வெட்டுப்பட்டுச் செத்தவனுக்குத்தானே கல்லு நட்டுக் கும்பிடுவோம்?”

“நானும் அதைத்தான் கேட்டேன். அந்தச் சனத்தோட பேரப்பிள்ளைகளும் அதைத்தான் கேக்குறாகளாம்.”

பஸ் கிளம்பியது. மூத்தவர் படத்தை விரலால் பெரிதாக்கினார்.

“கீழ ஓரத்துல பாரு, அவ நெழலு. ரொம்ப இளைச்சுட்டா.”

“நெழல்ல என்ன மதினி இளைப்பு? சாயங்கால வெயிலு, நீளமா விழுந்திருக்கு.”

“மூணு வருசத்துல வந்துருவேன்னா. இது அஞ்சாவது வருசம்.”

“ஏனாம்?”

“ஒரு எடத்தை எழுதி முடிச்சா, கல்லு இல்லாத இன்னொரு எடம் இருக்குன்னு யாராவது வந்து சொல்றாகளாம்.”

“அப்படி இன்னும் எத்தனை எடம் இருக்காம்?”

மூத்தவர் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அது தெரிஞ்சா எம் மக வந்துருவாளே.”