நுனியில் உட்கார்ந்த அத்தை

அத்தை: பள்ளிக்கூடத்தையே விட்டுட்ட... அப்புறம் எதுக்குடி இந்த நோட்டு?

நான்: சும்மா... கணக்கு, அத்தை.

அத்தை: என்னைப் பாத்துப் பாத்து எழுதுற?

நான்: உங்களைத்தான் கணக்குப் போடுறேன்.

அண்ணன்: நீங்க உக்காந்திருக்குற பலகையைச் சுவத்துல சொருகி, சிமெண்ட்டு பூசி ரெண்டு நாளாச்சு அத்தை. கல்லு மாதிரி இருக்கு. உக்காந்து சோதிச்சுப் பாத்தாச்சுல்ல, எந்திரிங்க!

அத்தை: ஏன்டா தொரத்துற? கட்டடப் படிப்பு மூணாவது வருஷம்... நீ மாட்டின பரணும் விழுந்துச்சு, அலமாரியும் விழுந்துச்சு. இதுவும் விழட்டும், நாளையிலேருந்து படிப்பு கிடையாது. மாமா கடைதான்.

அண்ணன்: ஐயோ, காலை ஆட்டாதீங்க!

நான்: கொஞ்சம் சுவரோரமா நகருங்க அத்தை.

அத்தை: நுனியிலதான் ஜன்னல் காத்து வருது. பக்கத்து வீட்டு அக்காவையும் கூப்பிடவா? சேந்து உக்காரலாம்.

அண்ணன்: வேணாம்!

அத்தை: ஏன் கத்துற?

நான்: ஒரு பக்கம் மட்டும் பிடிப்பு இருக்கிற பலகை அத்தை. நீங்க எவ்வளவு தள்ளி உக்கார்றீங்களோ, அவ்வளவு சுவத்தை நெம்பும். அதுக்குப் பேருதான் பெண்டிங் மொமெண்ட். பாதிக்கு வந்தா நெம்புறதும் பாதிதான்.

அத்தை: பாதிக்கு வந்தா நான் முப்பது கிலோவா?

நான்: இல்ல, பாரம் அதேதான்... அப்போ நீங்க அறுபதா?

அத்தை: அறுபதேதான். போன வாரம் ஆஸ்பத்திரியில ஏறிப் பாத்தேன்.

அண்ணன்: ஒத்தக் காலுலயா?

அத்தை: உதை வாங்குவ.

நான்: அறுபதுன்னா பலகை நுனி நாலு மில்லிமீட்டர் இறங்கணும்... அண்ணே, ஸ்கேலைப் பிடி.

அண்ணன்: நாலு... அஞ்சு... ஆறு!

நான்: அப்போ தொண்ணூறு.

அத்தை: எது தொண்ணூறு?

நான்: நான் சொல்லல அத்தை. பலகை சொல்லுது.

அண்ணன்: பலகைக்குப் பொய் சொல்லத் தெரியாது அத்தை.

நான்: அத்தை? கோவமா?

அண்ணன்: எந்திரிச்சுட்டாங்க... ஏய், உள்ள போறாங்க!

நான்: போகட்டும், கூப்பிடாத.

அண்ணன்: அப்பாடா! ஆனாலும் தொண்ணூறை வெச்சுக்கிட்டு அறுபதுன்னு என்னமா அளந்தாங்க!

நான்: அத்தை அறுபதுதான் அண்ணே. எந்திரிக்க வைக்கத்தான் தொண்ணூறுன்னேன். பலகை சரியா நாலு மில்லிதான் வளைஞ்சுது. மீதி ரெண்டு... ரெண்டு நாளாச்சுன்னு புளுகினியே, இன்னிக்குக் காலையில நீ பூசின சிமெண்ட்டு. பிதுங்கி வருது, பாரு.